தீபாவளிக்கு வீட்டிலேயே இருந்தால் எல்.டி.ஏ. பணம் போய்விடுமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மனைவி, மகனுடன் பெற்றோர் வீட்டுக்குச் செல்வது வழக்கம். இந்த ஆண்டு எங்கும் போகாமல், விடுப்பு எடுத்து வீட்டிலேயே அமைதியாக இருக்க முடிவு செய்திருக்கிறோம். சம்பளத்தில் எல்.டி.ஏ., அதாவது விடுப்புப் பயணப் படி, என்று 40,000 ரூபாய் வருகிறது. பயணச் சீட்டு கொடுக்காவிட்டால் அதற்கு வரி பிடிப்பார்களாம். கமிஷன் கொடுத்தால் பில் ஏற்பாடு செய்து தருவதாகத் தெரிந்த டிராவல்ஸ் தரகர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதால் உங்கள் பணம் எதுவும் பறிபோவதில்லை. எல்.டி.ஏ. உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி; பயணம் செய்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு, செய்யாவிட்டால் மற்றச் சம்பளத்தைப் போல அதற்கும் வரி உண்டு, அவ்வளவுதான். நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 40,000 ரூபாய்க்கான வரி, செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட 8,320 ரூபாய். மீதி 31,680 ரூபாய் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதற்கும் முன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்பதை அலுவலகக் கணக்குப் பிரிவில் கேளுங்கள். 2023-24 நிதியாண்டு முதல், எதையும் தேர்வு செய்யாதவர்கள் தாமாகவே புதிய வரி முறையில் சேர்க்கப்படுகிறார்கள். அந்த முறையில் எல்.டி.ஏ.வுக்கு வரிவிலக்கே கிடையாது. நீங்கள் உண்மையாகவே ஊருக்குப் போய் வந்திருந்தாலும் ஒரு ரூபாய் மிச்சமாகாது என்னும்போது, தரகரின் பில்லால் என்ன பயன்? இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

விலக்கு உள்ள பழைய வரி முறையில் இருப்பவருக்கும் பொய் பில் ஆபத்துதான். இத்தரகர்கள் உங்கள் பெயரிலேயே ரயில் அல்லது விமானச் சீட்டு எடுத்து, நகலை வைத்துக்கொண்டு, மறுநாளே அதை ரத்து செய்துவிடுவார்கள். சீட்டு அசலானது என்பதால் அலுவலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ரத்து செய்ததும் பணம் திரும்பியதும் பதிவாகியிருக்கும். இன்னும் சிலர் 'வருமான வரி ரிட்டர்னையும் நானே போட்டுவிடுகிறேன்' என்று பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, நீங்கள் கேள்விப்பட்டேயிராத வரிக் கழிவுகளையெல்லாம் உங்கள் பெயரில் எழுதிவைப்பார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை, இப்படிப் பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்த இடைத்தரகர்களைக் குறிவைத்து, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தரகர் அகப்பட்டால் அவருடைய வாடிக்கையாளர்களுக்கும் நோட்டீஸ் போகும். தவறான தகவல் அளித்ததாக முடிவானால், ஏய்த்த வரியைப் போல இருமடங்கு அபராதம். அதாவது 8,320 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் 16,640 ரூபாய் அபராதமும், அதே 8,320 ரூபாயும், அதற்கு வட்டியும் கட்ட நேரிடும். தரகரோ அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இந்த ஆண்டு போகாததால் விலக்கு பெறும் வாய்ப்பும் தீர்ந்துவிடாது. நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு உண்டு. 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி, 2026 முதல் 2029 வரை அடுத்தது. வரியை ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிடுபவர்கள் இதை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணச் சொல்வது ஏன் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. சம்பளக்காரரைக் குழப்புவதைத் தவிர அதில் வேறு பயன் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நீங்கள் விடுப்பு எடுத்துப் பெற்றோரைப் பார்க்கச் சென்றால், அந்தப் பயணக் கட்டணத்துக்கு அப்போது விலக்கு கேட்கலாம். கட்டணத்துக்கு மட்டும்தான், தங்கும் விடுதி, சாப்பாடு, ஊருக்குள் சுற்றிய வாடகைக் கார் எதுவும் இதில் சேராது.

'கொரோனா காலத்தில் பயணம் போகாமலேயே விலக்கு வாங்கினோமே' என்று சிலர் வாதிடுவார்கள். வாங்கியது உண்மைதான். வீட்டில் இருந்தவருக்கு அரசு இரங்கிய ஒரே சந்தர்ப்பம் அது. 2018-21 தொகுதிக்காக மட்டும், 2020 அக்டோபர் 12 முதல் 2021 மார்ச் 31 வரை, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருள்களையோ சேவைகளையோ, பதிவு பெற்ற வணிகரிடம், ரொக்கமாக அல்லாமல் மின்னணு முறையில் பணம் செலுத்தி வாங்கியவர்களுக்கு, செலவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நபருக்கு 36,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதற்கு விலக்கு தரப்பட்டது. முதலில் மத்திய அரசு ஊழியர்களுக்கு அறிவித்து, பின்னர் மற்றவர்களுக்கும் விரிவாக்கினார்கள். மூன்று ரூபாய் செலவழித்தால்தான் ஒரு ரூபாய்க்கு விலக்கு என்பதால், அதிலும் வீட்டில் சும்மா இருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் திட்டம் 2021 மார்ச்சோடு முடிந்தது. இப்போது தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய பில்லை எல்.டி.ஏ.வுக்குக் கொடுத்தால் கணக்குப் பிரிவில் திருப்பித்தான் தருவார்கள்.

ஆகவே, 'இவ்வாண்டு பயணம் செய்யவில்லை, எல்.டி.ஏ. தொகையை வரி பிடித்துக்கொண்டு வழங்கவும்' என்று அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தரகரிடம் ஏற்கெனவே பில் வாங்கிக் கொடுத்திருந்தால், நிதியாண்டின் கடைசி மாதச் சம்பளக் கணக்கு முடிவதற்குள் அதை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையை நீங்களே சம்பளத்தில் சேர்த்துக் காட்டி வரியைக் கட்டிவிடுங்கள்.