இனி சில மாதங்கள்தான் என்று தெரிந்த பிறகு, மிச்சமிருக்கும் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?

கேள்வியைத் தன் அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறார் ஒருவர். அண்ணன் லாரி ஓட்டியவர், நுரையீரல் புற்றுநோய், டாக்டர் கையை விரித்துவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு "இனி எதுக்கு?" என்று மட்டும் கேட்கிறாராம். நானும் அதே வரிசையில் நிற்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 57. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மளிகைக் கடை. கேரளம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். சரக்கு பொள்ளாச்சியிலிருந்து வரும், சண்டை இரண்டு மொழியிலும் நடக்கும். போன வருஷம் சாப்பிட்டதும் மேல்வயிறு வலித்து முதுகு வரைக்கும் போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தே மூன்று மாதம் ஓட்டினேன். கண் மஞ்சளான பிறகுதான் கோயம்புத்தூர் போனோம். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற உறுப்பு. பெரும்பாலானவர்களுக்குத் தெரியவரும்போது ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருக்கும். பித்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது. கீமோ நாலு தடவை. அப்புறம் நானே போதும் என்றுவிட்டேன்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. டாக்டர் என் மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் எல்லாரும் "கணையத்துல புண்ணு, ஆறிரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளுக்குள் நான் கடைக்குப் புது ஃப்ரீசர் தவணையில் எடுத்தேன். இரண்டு வருஷத் தவணை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மகன்தான் விரலை வைத்துக் காட்டினான். கடைசியில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த 'மெட்டாஸ்டேசிஸ்' என்ற சொல்லுக்குப் புற்றுநோய் வேறு உறுப்புக்கும் பரவிவிட்டது என்று பொருள் என்பதை நானே போனில் தேடித் தெரிந்துகொண்டேன். உங்கள் அண்ணனுக்கு விஷயம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். வலி இருக்கும்போது அர்த்தம், கடவுள், பிள்ளைகள் எதுவும் கிடையாது. வலி மட்டும்தான். இதை அனுபவிக்காதவர்கள் வந்து தத்துவம் பேசுவார்கள், முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனக்கு மட்டும் பதினாலு பேர் அனுப்பினார்கள். இலையை மூட்டையாகவே கொண்டுவந்தவர் ஒருவர். பாவம், நல்ல மனசு.

எங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியைக் குறைக்க வீட்டுக்கே வருகிற நர்ஸ், முதல் தடவை வந்தபோது கேட்டது: "வேதன உண்டோ?" மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. நமக்கு வேதனை என்றால் மனசு. பிறந்ததிலிருந்து இந்த எல்லையில் இருக்கிறேன், வித்தியாசம் தெரியாதா? ஆனால் அன்றைக்கு என் காதில் அது தமிழாகவே விழுந்தது. அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. எழவு வீட்டில் அழுவதுபோல அழுதுவிட்டேன். சிஸ்டர் காத்திருந்தார். அப்புறம் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். "வலி எட்டு, வேதனை பத்து" என்றேன். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

லண்டனில் 1967-இல் கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார், உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த வலி என்று சிஸ்டர்தான் பின்னால் சொன்னார். கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் 1993-இல் சில டாக்டர்கள் ஆரம்பித்த இந்தப் பாலியேட்டிவ் வேலை இன்றைக்கு ஊர் ஊராக வீடு தேடி வருகிறது. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சை உண்டு. முதலில் அதை விசாரியுங்கள்.

வலிக்கு மார்ஃபின் என்றதும் என் வீட்டுக்காரி, "போதை மருந்தா? வேண்டாங்க" என்று பயந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகளே அதைத் தொடப் பயந்து கிடந்தன. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். டாக்டர் சொல்கிற அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவன் அதற்கு அடிமையாகிவிடுவான் என்பது வீண் பயம் என்று சிஸ்டர் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, ராத்திரி பத்து மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, நடுராத்திரி எழ வேண்டாம் என்பதற்காக. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் கூடவே மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி படுத்துத் தூங்கினேன். விடிந்ததும் என் வாயில் வந்த முதல் கேள்வி: "துவரம்பருப்பு என்ன வெலைக்குப் போகுது?"

மறுநாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்கார ஆரம்பித்தேன். அங்கே ஒரு விசித்திரம். யாரும் என்னிடம் பேரம் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். முப்பத்தொரு வருஷம் ஐம்பது காசுக்கு மல்லுக்கட்டிய ஜனங்கள்! கீமோவில்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. செத்துவிட்டேன், சொல்லத்தான் ஆளில்லை என்று தோன்றியது.

அப்போது ஒரு கிழவி வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், எங்கள் கடையின் ஆதிகாலத்து வாடிக்கை. புளியைக் கையில் எடுத்து, பிதுக்கி, மோந்து பார்த்து, திரும்ப வைத்தார்.

"ஏஞ்சாமி, இது புளியா கல்லா? இதுக்கு இந்த வெலையா? போகும்போது மடியில கட்டீட்டா போகப்போற?"

கடையில் நின்ற நாலு பேரும் உறைந்துபோனார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கொட்டையெடுத்த புளிக்கும் கொட்டைப் புளிக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பத்து நிமிஷம் அவரோடு வாதாடினேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. திட்டிக்கொண்டே வாங்கிப் போனார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

இப்போது சாயங்காலம் நானும் வீட்டுக்காரியும் பற்று நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். முதலில் பெரிய மனுஷத்தனமாக எல்லாக் கடனையும் கழித்துவிடலாம் என்றேன். "அப்படிக் கழிச்சா அவங்க நாளைக்கு நம்ம வாசப்படி மிதிப்பாங்களா?" என்றாள். சரிதான். அதனால் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இவர் தேங்காய் போட்டதும் தருவார், அதுவரை கேட்காதே. இவர் கேட்டால்தான் தருவார், கேள். இந்த அம்மாவின் கணக்கில் இருக்கிற பால் பவுடர், மகள் பிரசவத்துக்கு வந்தபோது வாங்கியது. அந்தக் குழந்தை தங்கவில்லை, அதனால் அந்த வரியை மட்டும் நானே அடித்துவிட்டேன், அவருக்குத் தெரியாது. இவர் கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் கொடுத்தால் உண்டு, திரும்பும்போது கிடையாது. அவள் எழுதிக்கொள்கிறாள். சில பேருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

எல்லா நாளும் இப்படி இல்லை. மாத்திரையையும் மீறிச் சில ராத்திரி பயம் வரும். மகனோடு இன்னும் சரியாகப் பேச்சில்லை. ஃப்ரீசர் தவணையை அவன்தான் கட்டுகிறான்.

உங்கள் அண்ணனிடம் அர்த்தம் பற்றியெல்லாம் பேசாதீர்கள். வலிக்கு வழி செய்துவிட்டு, வால்பாறை மலைப்பாதையில் நாற்பது ஊசிவளைவும் லோடோடு இறங்க எந்த கியர் என்று கேளுங்கள். கேட்பதோடு நிறுத்தாமல் நீங்களே ஒரு பதிலைத் தப்பாகச் சொல்லுங்கள். திரும்பிப் படுத்துத் திட்டுவார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பத்து மணி மாத்திரை வந்துவிட்டது. நோட்டில் இன்னும் பதினோரு பேர் பாக்கி.