டி-யில் போட்டால் நின்றுவிடும் பழைய மெர்சிடிஸ்

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் 1984ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230இ ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். ஆண்டில் சில நாள் மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் கிளாசிக் வாகனத் திட்டத்தில்தான் ஓடுகிறது. காலையில் எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது. இஞ்சின் சூடானபின் சிவப்பு விளக்கில் டி-யில் (ஓட்டும் கியரில்) நின்றால் ஐடில் (வண்டி நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகம்) இறங்கி வண்டி நடுங்குகிறது, ஏசியும் ஓடினால் நின்றே போகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு 4,200 வெள்ளி கேட்கிறார்கள். இன்னொருவர் ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் திருகினால் போதும் என்கிறார். என்ன செய்வது? விற்றவரிடம் கேட்க முடியுமா?
- ஈசூன் வாசகர்

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம் ஐயா. முதலில் காரணம் தெரியட்டும், அப்புறம் பணம் கொடுக்கலாம்.

டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போது, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெயை இஞ்சின் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அது ஒரு சுமை. ஏசி கம்ப்ரஸர் இன்னொரு சுமை. அதனால் ஐடில் ஓரளவு இறங்குவது எந்த ஆட்டோமேட்டிக்கிலும் இயல்புதான். நின்றே போகிறது என்றால் பெரும்பாலும் இஞ்சினுக்குத்தான் பலம் போதவில்லை. கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் டி-யில் போட்டபின் பிடிக்கத் தாமதமாகும், கியர் வழுக்கும், எண்ணெயில் கருகிய வாடை வரும். இதில் எதையும் நீங்கள் சொல்லவில்லையே.

எனக்கு முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான். உங்கள் காரில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் அமைப்பு. உள்ளே வரும் காற்று ஒரு தட்டை உயர்த்தும், தட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெட்ரோல் போகும். அந்தத் தட்டைத் தாண்டி, வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியே காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். காலையில் தெரியாததற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த இஞ்சினுக்குக் கூடுதல் காற்றும் பெட்ரோலும் தானாகவே கிடைப்பதால் குறை மறைந்துவிடுகிறது.

உறவினர் ஒருவரின் இதே மாடல் காரில் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டபோது, மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வந்தது. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் எல்போ, அதாவது வளைந்த குழாய். மேலே பார்த்தால் புதிது மாதிரி இருந்தது, வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவியபோதுதான் வெடிப்பு அகப்பட்டது. நம் ஊர் வெப்பத்தில் பழைய ரப்பர் இப்படித்தான் போகும்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பி-யில் (பார்க்கிங்கில்) வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைச் சற்றுத் தூக்குங்கள். இஞ்சின் தடுமாறவேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று நுழைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் காரில் கதவுப் பூட்டுகளும் இஞ்சினின் வெற்றிடத்தில்தான் இயங்குகின்றன. ஓட்டுநர் கதவைப் பூட்டி எத்தனை கதவு சேர்ந்து பூட்டுகிறது என்று பாருங்கள். ஒன்று சோம்பினால் அந்தப் பக்கக் குழாயும் சந்தேகத்துக்குரியது. தயவுசெய்து சூடான இஞ்சினில் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடாதீர்கள், தீப்பிடிக்கும். வொர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். கசியும் இடத்தில் புகை வரும்.

கசிவு இல்லை என்றால் ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், பெட்ரோல் ஃபில்டர் என்று போகலாம். ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டும் வண்டியில் பெட்ரோல் டேங்கிலேயே பழசாகிவிடும், அதையும் சொல்லுங்கள். இஞ்சினைத் தாங்கும் ரப்பரான இஞ்சின் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அமுங்கிப்போயிருந்தால் சரியான ஐடிலிலும் வண்டி நடுங்கும். உங்கள் காரில், இஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் இருக்கும் இடத்தில் பெரிய கடிகாரம் இருக்கலாம். அப்படியானால் மீட்டர் மாட்டி, என்-னிலும் (நியூட்ரல்) டி-யிலும் ஏசி போட்டும் எத்தனை சுற்று என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்குரூவை ஏன் வேண்டாம் என்கிறேன்? கசிவோடு ஐடிலை உயர்த்தினால் என்-னிலிருந்து டி-க்கு மாற்றும்போது ‘டக்’கென்று அடிக்கும், வண்டி பிரேக்கை மீறி நகரப் பார்க்கும், நல்ல கியர்பாக்ஸும் தேயும். எல்லாம் சரியானபின் கடைசியாகத் தொடவேண்டிய ஸ்குரூ அது.

விற்றவர் விஷயம்: 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் வண்டியின் வயதும் விலையும் கணக்கில் வரும், சாதாரணத் தேய்மானத்துக்கு இழப்பீடு கிடைக்காது. நைந்த குழாய்க்காகப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். ‘இஞ்சின் முழுக்கச் செய்தாயிற்று’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் கதை வேறு, அதை அழிக்காமல் வையுங்கள். சோதனை அறிக்கையோடு முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். அவர் மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்குப் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை கேட்கலாம், பழுதுபார்ப்புச் செலவை மட்டும் கேட்டால் அதற்குள் அடங்கிவிடும். ஒன்றை மறக்கவேண்டாம்: மாற்றிய பழைய குழாயை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் ஒரு பையில் போட்டு வாங்கி வந்துவிடுங்கள்.