கிறிஸ்துமஸ் ஹாம்: குளிர்ச்சியாகவா, சூடாகவா? ராணிப்பேட்டைத் தம்பிக்கு

ராணிப்பேட்டையிலிருந்து அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் பரிசாக எட்டுப் பவுண்டு ஹாம் ஒன்று, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக் கறி, கொடுத்தார்களாம். எலும்போடு, வட்ட வட்டமாக வெட்டு விழுந்தது. ஏற்கெனவே முழுதாக வெந்தது என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி மேலதிகாரி குடும்பமும் ஆம்பூர்க்கார முஸ்லிம் நண்பர் குடும்பமும் விருந்துக்கு வருகிறார்கள். ஹாமை அப்படியே குளிர்ச்சியாக வைப்பதா, சூடாக்கி வைப்பதா? கூடவே பழைய கார் வாங்கலாமா, எந்த வங்கி அட்டை நல்லது, ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, காருக்கும் அட்டைக்கும் யோசனை சொல்ல இங்கே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். கோட்டு முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். நான் வாலாஜாபேட்டைக்காரி, வேலூரில் நர்ஸிங் படித்து, இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியில் நான் முதலில் பார்த்தது கர்ப்பிணி என்ற சொல்லைத்தான். கோட்டுக்காகச் சொன்னீர்கள், ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் ஹாம் கேள்வி.

விருந்தாளிகளுக்குக் குளிர்ச்சியாக வையுங்கள். உங்கள் மனைவியின் தட்டுக்குப் போகும் துண்டுகளை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ். லிஸ்டீரியா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஃபிரிட்ஜில் அடங்கிக் கிடக்கும்; இது ஃபிரிட்ஜுக்குள்ளேயே பெருகும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய கேடு செய்யாது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பறித்துவிடவும் கூடும். அதனால்தான் வெந்து வந்த இறைச்சியாக இருந்தாலும் கர்ப்பிணிகள் குளிர்ச்சியாகச் சாப்பிடக் கூடாது என்று இந்நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். விருந்து நாளில் யாராவது அன்பாக ஒரு துண்டை அவள் தட்டில் போடுவார்கள். மறுத்தால் மரியாதை இல்லை என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவாள், நம் ஊர்ப் பெண் அப்படித்தான் வளர்ந்திருப்பாள். முன்னதாகவே அவளிடம் சொல்லிவையுங்கள்.

மற்றவர்களுக்கு ஏன் குளிர்ச்சி என்கிறேன்? வெட்டு விழுந்த ஹாமை முழுதாகச் சூடாக்கினால் ஒவ்வொரு வெட்டின் வழியாகவும் ஈரம் போய்விடும், மேலே பூசிய இனிப்பும் உருகித் தட்டில் வழிந்துவிடும். இந்நாட்டு வேளாண் துறையே இந்த வகையைக் குளிர்ச்சியாகப் பரிமாறுவதுதான் நல்லது என்கிறது. இப்படிச் சுற்றி வெட்டி விற்கும் ஹாமுக்கென்றே 1957இல் ஒரு கடை திறந்தது நம் பக்கத்து டெட்ராய்ட்டில்தான். மிச்சிகன்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, மேலதிகாரி வந்தால் அந்தப் பேச்சும் வரலாம். சூடாகத்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அலுமினியத் தாளால் இறுக மூடி, 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பவுண்டுக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். எட்டுப் பவுண்டுக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 140 காட்டினால் எடுத்துவிடலாம், அது தொழிற்சாலை உறையோடு வந்த ஹாமுக்குப் போதும். வேறு கடையில் பிரித்து மறுபடி கட்டியது, மீந்தது என்றால் 165. உறையில் சாப்பிடும் முன் சமைக்கவும் என்று இருந்தால் அது வேறு பொருள், அதை நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும். உங்களுடையது அப்படியில்லை. வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், பச்சைக் கறி என்று பயப்படாதீர்கள். பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட்டால் வரும் நிறம் அது, எவ்வளவு வெந்தாலும் போகாது.

குளிர்ந்த கறியைக் கண்டால் நமக்கு மனம் ஒப்பாது. அது நியாயமான பயம். வேலூர் வெயிலில் காலையில் வாங்கிய கறி மதியத்துக்குள் அடுப்பேறியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் முன்பே அப்பா கறி வாங்கி வந்துவிடுவார்; அம்மா மஞ்சள் தடவி, ஒரு கொதி விட்டு மூடிவைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவாள். அந்தக் கையோடுதான் நானும் இங்கே வந்தேன். அந்தப் பழக்கம் அங்கே நம்மைக் காப்பாற்றியது. இங்கே ஃபிரிட்ஜும் தெர்மாமீட்டரும் அந்த வேலையைச் செய்கின்றன, அவற்றை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் நம்மவர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குளிர்ந்த கறியா என்று முகம் சுளித்து, அருமையான ஹாமைத் துண்டு போட்டு, மிளகாய்த் தூளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடி ஹாமிலேயே, அதாவது 85 கிராமில், ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் மேல் இன்னும் உப்புப் போடலாமா? இன்னொரு கூட்டம், வெள்ளைக்காரர்கள் வருகிற விருந்தில் சோறே வைக்காதே என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும். நான் இரண்டையும் வைக்கிறேன். பிரியாணி, கத்திரிக்காய் கொத்சு, தயிர் வெங்காயம் ஒரு பக்கம். குளிர்ந்த ஹாம், கடுகு சாஸ், அன்னாசித் துண்டு மறுபக்கம். ஓவனும் அடுப்பும் பிரியாணிக்கு ஓய்வாகக் கிடைக்கும். என் மேசையில் யாரும் முகம் சுளித்ததில்லை. இந்த ஊர்க்காரர்கள் கொத்சுவைத்தான் இரண்டாம் முறை கேட்பார்கள்.

ஆம்பூர்க் குடும்பம் வருகிறது என்றீர்களே, அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேசையில் பன்றி இறைச்சி இருக்கும் என்று இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு தெரிந்தால் அவர்கள் தண்ணீர் குடிக்கவும் தயங்குவார்கள். ஹாமுக்குத் தனி மேசை, தனிக் கத்தி, தனிப் பலகை. பிரியாணிக் கறியை ஹலால் கடையில் வாங்குங்கள், அந்தப் பாத்திரமும் கரண்டியும் ஹாம் பக்கம் போகக் கூடாது. வாலாஜாவில் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் மேல்விஷாரத்திலிருந்த அப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போகும். பக்ரீத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து பெரிய தூக்கில் பிரியாணி வரும். யாருக்கு எது ஆகும், ஆகாது என்று யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடல் தாண்டி வந்தவுடன் அந்தப் பக்குவத்தை விட்டுவிடுகிறவர்களை நான் மதிப்பதில்லை.

இனி நேரம். இதில்தான் நான் கண்டிப்பானவள். வந்த முதல் டிசம்பரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இரவுப் பணி. பகல் பணிக்காரர்களுக்காக மதியம் ஹாமும் மற்றதும் மேசையில் வைத்திருக்கிறார்கள். இரவு நாங்கள் உள்ளே நுழையும்போது அதே தட்டு, அதே மேசை, விளிம்பெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. உங்களுக்கும் எடுத்துவைத்தோம் என்றார்கள். நான் தொடவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு நம் சாப்பாடு இளப்பமாக இருக்கிறது என்று வார்டு முழுக்கப் பேச்சு. இளப்பம் இல்லை, நான் படித்த பாடம். கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உப்புக்கு அஞ்சாது, ஹாம் அதற்குப் பிடித்த இடம். அது விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வேலூரில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். எனக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. எனக்கு முன்பே வந்திருந்த நம் ஊர்ப் பெண்களும் ஒட்டிப்போ என்றுதான் சொன்னார்கள். அடுத்த டிசம்பரில் நானே முன்னால் நின்றேன். இரவுப் பணிக்கென்று தனித் தட்டு, மூடி, ஃபிரிட்ஜில், மேலே பெயர் எழுதி. பிறகு அது அந்த வார்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் ஓய்வு பெறும்போதும் அப்படியே இருந்தது.

ஆகவே, வெளியே வைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஹாம் ஃபிரிட்ஜுக்குத் திரும்ப வேண்டும். ஒரே தட்டில் குவிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள், பேச்சு நீளும் வீடு நம்முடையது. பால்கனிப் பனியில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்; வெயில் பட்டால் உறையின் உட்புறம் சூடேறும், அணிலும் வரும். உறைந்த ஹாமாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் இறக்கிவிடுங்கள்.

மீந்ததை மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். எலும்பை எறிய வேண்டாம். துவரம்பருப்போடு, தட்டிய மிளகும் பூண்டும் போட்டு, உப்புச் சேர்க்காமல் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். எலும்பில் ஒட்டிய கறி பருப்பில் கழன்று விழும். கடைசியில் ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. நன்றாகக் கொதித்தது என்பதால் இதை உங்கள் மனைவியும் சூடாகச் சாப்பிடலாம்.