புகையானும் ஆனைக்கொம்பனும்: ஊருக்கு ஊர் ஏன் வேறுபடுது? (கேள்வி பதில்)

மன்னார்குடி விவசாயி: புகையானைத் தாங்கும்னு கொடுத்த இரகம் எங்க வயல்ல வட்ட வட்டமா காஞ்சு போச்சுங்க ஐயா. விதை கலப்படமா?

விதை சரியாகவே இருந்திருக்கலாம் ஐயா. புகையான் என்ற, நெல் தூரின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சியின் கூட்டம் மாறியிருக்கும். 1973-இல் வந்த ஐ.ஆர்.26 நெல் இரகத்தில் பி.பி.எச்.1 என்ற ஒற்றை எதிர்ப்பு மரபணு இருந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சில வருடங்களிலேயே புகையான் அதைத் தின்னத் தொடங்கிவிட்டது. அடுத்து 1976-இல் ஐ.ஆர்.36, பி.பி.எச்.2 மரபணுவோடு வந்தது. அதுவும் 1982-இல் வட சுமத்ராவில் விழுந்தது. அந்த இரகத்தைத் தின்னத் தெரிந்த பூச்சி கூட்டத்தில் முன்பே கொஞ்சம் இருக்கும். சுற்றிலும் அதே இரகத்தை நட்டால் அவற்றின் வாரிசுதான் மிஞ்சும்.

நம்ம ஊர் நெல்லையே பாருங்கள். கோயம்புத்தூர் கோ 22-இல் பி.பி.எச்.1, அம்பாசமுத்திரம் ஏ.எஸ்.டி.7-இல் பி.பி.எச்.2 இருப்பதைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்தான் 1971-இல் சொன்னது. பிலிப்பைன்ஸ் பூச்சியைத் தாங்கிய அதே மரபணுக்கள் தெற்காசியப் புகையானிடம் நிற்கவில்லை. எதிர்ப்பு இரகம் என்று யார் சொன்னாலும், எந்த ஊர்ப் பூச்சிக்கு என்று கேளுங்கள்.

திருவாரூர் விவசாயி: என்ன மருந்து அடிக்கலாம்?

பூச்சியோடு தூரைப் பிடுங்கி வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டாம். புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் பூச்சியும் செத்துப்போகும், புகையான் பெருகும்.

வேளாண் மாணவி: தமிழ்நாட்டில் இருப்பது பயோடைப் 4 தானே சார்?

பாடப்புத்தகப்படி ஆமாம்மா. எந்த எதிர்ப்பு இரகத்தைத் தின்னும் என்பதை வைத்துப் பூச்சிக் கூட்டத்துக்கு எண் போட்டுப் பிரிப்பதுதான் பயோடைப். ஆனால் புகையானுக்கு அந்த எண் பொருந்தாது என்பேன். பிரிட்டனின் கார்டிஃபில் கிளாரிட்ஜ், டென் ஹாலாண்டர் என்ற ஆய்வாளர்கள் 1980-களில் காட்டியது இதுதான்: ஒரே பயோடைப் கூட்டத்துக்குள்ளேயே பூச்சிக்குப் பூச்சி பெரிய வித்தியாசம் உண்டு. வேறு இரகத்தில் சில தலைமுறை வளர்த்தால் ஒரு பயோடைப் இன்னொன்றாக மாறிவிடும். ஆய்வகத்தில் நீங்களே பார்க்கலாம். ஒரே கூண்டிலிருந்து பத்துப் பெண் பூச்சியை எடுத்து ஏ.எஸ்.டி.7 தூரில் தனித்தனியே விட்டு, அடியில் வடிதாள் வையுங்கள். சாறு குடித்த பூச்சி விடும் தேன்கழிவு விழுந்த தாளில், அதை ஊதாவாக்கும் நின்ஹைட்ரின் என்ற இரசாயனத்தைத் தெளித்தால் ஒன்றில் ஊதா வட்டம் அகலமாகப் பரவும். பக்கத்துத் தாளில் புள்ளிதான் இருக்கும், அந்தப் பூச்சி அதிகம் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆய்வு மாணவர்: ஒத்துக்க முடியலை சார். ஆனைக்கொம்பனில் பயோடைப் நிஜம்தானே?

அதில் நீங்கள் சொல்வதே சரி. ஆனைக்கொம்பன் நெல்லைத் தாக்கும் ஒரு சிறு ஈ. அதை எதிர்க்கும் நெல்லின் ஜி.எம்.2 மரபணுவை மீறும் திறன் அந்த ஈயின் எக்ஸ் குரோமோசோமில் ஒற்றை ஒடுங்கு மரபணுவாக (இரண்டு எக்ஸ் இருந்தால் இரண்டிலும் இருந்தால்தான் வெளிப்படும்) இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஆணிலேயே வெளிப்பட்டுவிடும். அங்கே எண் போடலாம், இந்தியாவில் ஏழு வரை போட்டிருக்கிறார்கள். புகையானில் பல மரபணு சேர்ந்து வேலை செய்கிறது.

அதே மாணவர்: பேச வசதியா ஒரு எண் இருந்தா என்ன சார் தப்பு?

தப்பு வயலில் தெரியும் தம்பி. "எங்க மாவட்டம் பயோடைப் 4, இந்த விதை போதும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கூட்டம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஜப்பானில் புகையானால் குளிர்காலம் தாண்ட முடியாது. வருடா வருடம் ஜூன், ஜூலையில் சீனத்திலிருந்து காற்றில் வந்து இறங்குகிறது, அந்தச் சீனக் கூட்டத்துக்கு மூலம் வட வியட்நாம். வியட்நாமில் பி.பி.எச்.1 இரகங்கள் பரவியபின், அந்த இரகங்களை அதிகம் நடாத ஜப்பானில் வந்திறங்கிய பூச்சியும் அவற்றைத் தின்றது. எண்ணை விடுங்கள். எந்த இரகத்தில், எந்த வருடம், எத்தனை சதவீதம் பிழைத்தது என்று எழுதுங்கள்.

இன்னொருவர்: புகையானுக்கு நல்ல மருந்து?

மேலே சொல்லிவிட்டேன். பைரித்ராய்டு வேண்டாம்.

கடலூர் வாசகர்: குருத்துப்பூச்சிக்கும் இதே கதையா?

அது என் துறை இல்லை. அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு வாசகர்: எங்கட ரத்து ஹீனட்டி மட்டும் எப்பிடி இவ்வளவு காலம் நிண்டது?

நல்ல கேள்வி. இலங்கையின் அந்தப் பழைய நெல் இரகத்தில் பி.பி.எச்.3 இருக்கிறது, பி.பி.எச்.17-உம் இருக்கிறது. பி.பி.எச்.3 என்பதே அடுத்தடுத்து நிற்கும் மூன்று மரபணுக்களின் கொத்து என்று 2015-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சி ஒரே சமயத்தில் பல பூட்டைத் திறக்க வேண்டும். கேரளப் பட்டாம்பி நெல் இரகமான பி.டி.பி.33-உம் அப்படித்தான், ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு. உங்கள் பக்கம் யாரிடமாவது பழைய ரத்து ஹீனட்டி விதை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

புதியவர்: பைரித்ராய்டு அடிச்சிட்டேன், இப்ப என்ன பண்றது?

அடுத்த தெளிப்பை நிறுத்துங்கள். யூரியாவையும் நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, நாளைக் காலை தூரை விலக்கி அடியில் புகையானை எண்ணிப் பாருங்கள்.