வீடியோ கேசட்டை டிஸ்க்காக மாற்றுவது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1993-இல் எடுத்த கல்யாண வி.எச்.எஸ். கேசட். டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அப்படியே ஓட்டிப் பார்க்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

கூடவே கூடாது. அது பூஞ்சை. டெக்கில் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவி) ஒரு தடவை ஓடினாலே, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மூடி வையுங்கள். வெயிலில் காய வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டும் வேண்டாம். சூட்டில் டேப் நெளிந்துவிட்டால் பழைய நிலைக்கு வராது.

காய்ந்த பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கேசட்டின் அடியிலுள்ள 5 ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். டேப் எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் ரீல்களைத் தொட வேண்டும். நூல் பிரியாத மெல்லிய துணியால் ரீலின் இரு பக்கத்தையும் துடைத்து, வேறொரு சுத்தமான கேசட் கூட்டுக்குள் மாற்றிவிடுங்கள். டேப் அறுந்திருந்தால் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்தான் சரி. செலோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும்.

டெக்கின் ஹெட்டையும் சுத்தம் செய்யுங்கள். மான்தோல் துண்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹெட் பொருந்தியிருக்கும் டிரம்மை (உருளையை) மட்டும் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: கடையில் நேராக டிவிடியில் ஏற்றித் தருகிறார்களே, அது போதாதா?
– சேலம் வாசகர்

பார்ப்பதற்குப் போதும், பாதுகாக்கப் போதாது. 4.7 ஜிபி டிவிடியில் நல்ல தரத்தில் 2 மணி நேரம்தான் அடங்கும். 3 மணி நேர ஈ-180 கேசட்டை ஒரே டிஸ்க்கில் திணித்தால், கூட்டம் அசையும் இடங்களிலெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். பழைய டேப்பின் புள்ளி இரைச்சல் வேறு இடத்தை விழுங்கும்.

முதலில் ஃபைலாக எடுக்கச் சொல்லுங்கள்: 720×576 அளவு, நொடிக்கு 25 ஃப்ரேம், ஹஃப்ஒய்யூவி போன்ற இழப்பில்லாத கோடெக் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை). ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபிக்கு மேல் போகும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடி, போனில் அனுப்ப எம்பி4 எல்லாம் அந்த ஃபைலிலிருந்து பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் யூஎஸ்பி கேப்சர் கருவியில் பதிந்தேன். போகப் போகப் படம் முந்துகிறது, பேச்சு பிந்துகிறது.
– மதுரை வாசகர்

வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது என்றால் சில ஃப்ரேம்கள் பதியாமல் விடுபடுகின்றன. தேய்ந்த டேப்பின் ஒத்திசைவு சிக்னல் தள்ளாடும்போது கருவி அந்த ஃப்ரேமை விட்டுவிடும், சத்தமோ முழுதாகப் பதியும். ஆடியோவைத் தள்ளி வைத்துச் சரிசெய்வது தொடக்கத்துக்கு மட்டும் பொருந்தும், முடிவில் மறுபடி விலகும். டெக்குக்கும் கருவிக்கும் நடுவே டைம் பேஸ் கரெக்டர் (தள்ளாடும் சிக்னலைச் சீராக்கும் கருவி) வைப்பதே சரியான வழி. அது கைக்கு எட்டாவிட்டால், பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக சிக்னலை அனுப்பிப் பாருங்கள். சில மாடல்கள் ஓரளவு நிலைப்படுத்தும். ஆடியோ ஒயரையும் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் செருகாமல் அதே கருவியில் செருகுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையில் உருள்கிறது.
– யாழ்ப்பாண வாசகி

கேசட்டில் பழுது இருக்காது. வீடியோ சிக்னல் முறைதான் வேறு: அங்கே என்.டி.எஸ்.சி. (NTSC), இங்கே பால் (PAL). இங்குள்ள பல டெக்குகள் அதை டிவிக்கு ஏற்ற ஒரு கலப்புச் சிக்னலாக மாற்றித் தரும். டிவி ஏற்றுக்கொள்ளும், கேப்சர் கருவி குழம்பும். அசல் என்.டி.எஸ்.சி.யாகவே வெளியே விடும் மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். கருவியையும் 720×480-க்கு மாற்றுங்கள்.