பென்சிலில் எழுதப்பட்ட பயணங்கள்

துருவப் பயணங்களின் வரலாற்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, கற்பித்து, அண்மையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

எத்தனையோ வரலாறு இருக்க, மனிதர்களே இல்லாத துருவங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் அம்மா?

ஒரு வாக்கியம்தான் காரணம். 1912 ஜனவரி 17 அன்று பிரிட்டிஷ் பயணி ஸ்காட் தென்துருவத்தை அடைந்தார். நார்வேக்காரர் அமுண்ட்சென் ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே வந்துபோயிருந்தார். அன்றிரவு ஸ்காட் எழுதியதை, அவர் இறந்த பிறகு 1913இல் வெளியான புத்தகத்தில் மாணவியாக இருந்தபோது படித்தேன். 'இனி வீட்டை நோக்கி ஓட்டம், கடும் போராட்டம். எங்களால் முடியுமா தெரியவில்லை' என்று இருந்தது. சாவை எதிர்நோக்கும் மனிதரின் குரல் என்றுதான் நினைத்தேன். பிறகு கையெழுத்துப் பிரதியின் நகலைப் பார்த்தேன். போராட்டம் என்ற சொல்லோடு இன்னும் சில சொற்கள் இருந்தன: 'செய்தியை முதலில் கொண்டுசேர்க்க.' அதாவது அன்று அவர் கவலைப்பட்டது உயிரைப் பற்றி அல்ல. உலகத்துக்கு யார் முதலில் செய்தி சொல்வது என்பதைப் பற்றி. அச்சுக்குக் கொடுத்தவர்கள் அந்தச் சில சொற்களை எடுத்துவிட்டார்கள், வாக்கியத்தின் பொருளே மாறிவிட்டது.

அன்றிலிருந்து என்னால் இதை விட முடியவில்லை. துருவப் பயணிகளின் நாட்குறிப்புகள் அச்சுக்குப் போகும்போது என்னென்ன மாறின என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

'மனிதர்களே இல்லாத' என்று கேட்டிருக்கிறீர்கள். தெற்கே சரி. வடக்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்கிறார்கள். இது என் மனதில் சரியாக உறைக்கவே பல வருஷம் ஆனது. அதைக் கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன்.

ஆவணக் காப்பகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து அப்படி என்னதான் செய்வீர்கள்?

மெதுவாகப் படிப்போம். அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாமே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஸ்காட் நினைவாக 1920இல் தொடங்கிய துருவ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. என் கோடை விடுமுறைகளில் பாதி அங்கேதான் கழிந்தது. மேசையில் பஞ்சுத் தலையணை மாதிரி ஒன்று வைப்பார்கள், அதன்மேல்தான் நோட்டுப் புத்தகத்தை விரிக்க வேண்டும். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். பயணத்தில் அவர்களும் பென்சிலில்தான் எழுதினார்கள். அந்தக் குளிரில் மை உறைந்துவிடும்.

முதலில் அளவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். அக்கால பிரிட்டிஷ் பயணிகள் குளிரைப் பல இடங்களில் 'இத்தனை டிகிரி உறைபனி' என்று எழுதுவார்கள். தண்ணீர் உறையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எத்தனை டிகிரி என்பது அதன் கணக்கு. 1911 குளிர்காலத்தில் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கேரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டை எடுக்க இருட்டில் நடந்துபோனார்கள். ஓர் இரவு 109.5 டிகிரி உறைபனி. அப்படியென்றால் மைனஸ் 77.5 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 61 செல்சியஸ். இந்த இரண்டு கணக்கையும் என் ஆய்வேட்டின் முதல் வரைவில் ஓர் இடத்தில் குழப்பியிருந்தேன். நெறியாளர் பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லா எண்களையும் மறுபடி சரிபார்த்தேன்.

தேதிக்கும் இதே கவனம் வேண்டும். அமுண்ட்சென் துருவத்தை அடைந்த நாள் டிசம்பர் 14, 1911 என்று படிக்கிறோம். அவர் நாட்குறிப்பில் இருப்பது 15. கடலில் வரும்போது, தேதி மாறும் 180ஆவது தீர்க்கரேகையைத் தாண்டியும் அவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரும் குழப்பும். ஸ்காட்டின் குழுவில் இரண்டு இவான்ஸ். துருவம்வரை போய், திரும்பும் வழியில் பிப்ரவரியில் இறந்தவர் எட்கர் இவான்ஸ். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டு, ஸ்கர்வி நோயால் விழுந்து, சக பயணிகள் லாஷ்லியும் கிரீனும் காப்பாற்றியவர் லெப்டினென்ட் எட்வர்ட் இவான்ஸ். நாட்குறிப்பில் வெறும் 'இவான்ஸ்' என்று வந்தால் யார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் வறட்டு வேலை என்று தோன்றலாம். ஆனால் ஸ்காட்டின் கடைசி நோட்டில் ஓர் இடம் உண்டு. நாட்குறிப்பை 'என் மனைவியிடம்' சேர்க்கச் சொல்லி எழுதுகிறார். பிறகு 'மனைவி'யை அடித்துவிட்டு 'விதவை' என்று திருத்துகிறார். அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தபின் அரை மணி நேரம் நான் வேறு எதையும் படிக்கவில்லை.

'ஆட்கள் தேவை. ஆபத்தான பயணம், சொற்பச் சம்பளம், கடுங்குளிர்...' என்ற தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் விளம்பரம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

எந்தப் பத்திரிகையிலும் இதுவரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பலர் பல ஆண்டுகளாகத் தேடிவிட்டார்கள், கண்டுபிடித்தால் பரிசு என்றுகூட அறிவிப்பு வந்தது. அந்த வாசகம் அச்சில் தென்படுவது அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் பிறகுதான். அதோடு, அவருடைய எண்டூரன்ஸ் கப்பலுக்கு ஆள் சேர்க்க அவருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை, பயணச் செய்தி பத்திரிகையில் வந்ததுமே விண்ணப்பங்கள் குவிந்தன. மேடைப் பேச்சுகளில் இந்த விளம்பரத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பனியில் அந்தக் கப்பல் நொறுங்கியபின் 28 பேரும் உயிரோடு திரும்பினார்களே, அதைச் சொல்லலாமே.

உங்கள் ஆய்வில் நீங்கள் மனம் மாறிய இடம் எது?

ஃப்ராங்க்ளின் பயணம். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

1845இல் ஃப்ராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் கனடாவின் வடக்கே கடல்வழி தேடிப் போனார்கள். 129 பேர். ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் விட்டுப்போன முக்கியமான ஒரே எழுத்து, கிங் வில்லியம் தீவில் கல் குவியலுக்குள் 1859இல் கிடைத்த ஒற்றைத் தாள். ஆறு மொழிகளில் அச்சிட்ட கடற்படைப் படிவம் அது. 1847 மே 28 தேதியிட்ட, 'எல்லோரும் நலம்' என்ற குறிப்பில் கிரஹாம் கோர் என்ற அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஜூன் 11 அன்று, ஃப்ராங்க்ளின் இறந்தார். அது எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே தாளின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வேறொரு குறிப்பு ஓடுகிறது. கப்பல்களைக் கைவிட்டுவிட்டோம், இருபத்துநான்கு பேர் இறந்தார்கள், மீதி 105 பேர் தெற்கே நடக்கப் போகிறோம் என்கிறது. அதில் 'மறைந்த கமாண்டர் கோர்' என்று வருகிறது. நடுவில் 'எல்லோரும் நலம்' என்று கையெழுத்துப் போட்டவர், ஓரத்துக்கு வரும்போது 'மறைந்த' ஆகிவிட்டார்.

இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். எழுத்து இருக்கிறது, அதனால் சான்று இருக்கிறது என்ற நினைப்பு. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "அங்கே இருந்த ஜனங்க என்ன சொன்னாங்க மேடம்?"

நிறையவே சொல்லியிருந்தார்கள். 1854இலேயே ஜான் ரே என்ற பயணி அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் கேட்டு வந்து சொன்னார்: ஃப்ராங்க்ளினின் ஆட்கள் பசியில் கூட்டமாகச் செத்தார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் அந்த மக்களின் சாட்சியத்தையே நம்பத் தகாதது என்று எழுதினார். 1860களில் சார்லஸ் ஃப்ரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அங்கேயே தங்கி, டூக்கூலிட்டோ என்ற இனுயிட் பெண்ணின் மொழிபெயர்ப்பு உதவியோடு நோட்டு நோட்டாக எழுதிவைத்தார். ஒரு கப்பல் எந்தப் பக்கம் மூழ்கியது என்பதுகூட அந்தச் சாட்சியங்களில் இருந்தது.

2014இல் எரிபஸ் கிடைத்தது அவர்கள் சொன்ன பகுதியில்தான். 2016இல் டெரர் கிடைத்ததற்குக் காரணம் சாமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பனிக்கு மேலே ஒரு பாய்மரக் கம்பம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அவர் சொன்ன ஒரு சொல். எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருப்பதை 1990களிலேயே உறுதிசெய்துவிட்டார்கள். 2024இல் அப்படிக் கீறல் உள்ள ஒரு தாடை எலும்பு, டிஎன்ஏ மூலம், எரிபஸின் கேப்டன் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று தெரிந்தது. அந்தத் தாளின் ஓரத்தைச் சுற்றி எழுதிய கை அவருடையது.

அந்த மாணவி கேட்ட நாளுக்கு அடுத்த பருவத்திலேயே என் பாடத்திட்டத்தை மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

பியரி உண்மையிலேயே வடதுருவத்தைத் தொட்டாரா?

இல்லை என்பதே என் தீர்மானம். 1909 ஏப்ரல் 6 அன்று தொட்டதாக அந்த அமெரிக்கப் பயணி சொன்னார். கடைசிக் கட்டத்தில் உடன் போனவர்கள் மாத்யூ ஹென்சனும் நான்கு இனுயிட்டுகளும். சூரியனின் உயரத்தை அளந்து இருப்பிடத்தைக் கணக்குப் பார்க்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாட்குறிப்பில் 'கடைசியில் துருவம்' என்ற வரி தைத்த பக்கத்தில் இல்லை, தனியாகச் செருகிய தாளில் இருக்கிறது. 1980களில் அதைப் பார்த்து ஆராய்ந்த வாலி ஹெர்பர்ட், தானே நாய்வண்டியில் ஆர்க்டிக் கடலைக் கடந்தவர். பியரி எட்டவில்லை என்றே முடிவு சொன்னார். அதற்கு மறுப்பும் வந்தது. எனக்கு அந்தத் தனித்தாள் போதும்.

நீங்கள் துருவத்துக்குப் போயிருக்கிறீர்களா?

தெற்கே இல்லை. வடக்கே ஒருமுறை கோடையில், இரண்டு வாரம்.

நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசை. வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன் தம்பி. 'துருவ வரலாற்றாசிரியர் தேவை' என்று விளம்பரம் வருவது மிக அபூர்வம். அறிவியல் வரலாறு, சுற்றுச்சூழல் வரலாறு, பேரரசு வரலாறு என்ற பெயர்களில்தான் இடம் தேட வேண்டும். முதல் ஆறு ஆண்டுகள் எனக்குத் தற்காலிகப் பணிதான். ஒரு நேர்காணலில், "இந்தப் பாடத்துக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டு ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அதனால் பொதுப் பாடம் ஒன்றை நன்றாக நடத்தத் தெரிந்துகொள்ளுங்கள், சோறு போடுவது அதுதான்.

அப்புறம் மொழி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் ஸ்காட்டையும் ஷாக்கிள்டனையும் சுற்றிச் சுற்றி வருவீர்கள். அமுண்ட்சென், நான்சென் என்றால் நார்வேஜியன் வேண்டும், கிரீன்லாந்து என்றால் டேனிஷ், 1820இல் தென்கண்டத்தின் பனி விளிம்பைக் கண்ட பெலிங்ஸ்ஹவுசனுக்கு ரஷ்யன். நான் நார்வேஜியன் படிக்கத் தொடங்கியபோது வயது முப்பத்தொன்று. ஒரு வருஷம் தினமும் காலை ஒரு மணி நேரம். நீங்கள் இப்போதே தொடங்குங்கள்.

இந்த வரலாற்றில் பெண்களே கிடையாதா?

அடா பிளாக்ஜாக் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவைச் சேர்ந்த இனுபியாக் பூர்வகுடிப் பெண். மகனுக்குக் காசநோய், வைத்தியத்துக்குப் பணமில்லை. மாதம் ஐம்பது டாலர் சம்பளத்துக்கு, துணி தைக்கும் வேலைக்காக, 1921இல் நான்கு ஆண்களோடு சைபீரியாவின் வடக்கே உள்ள ரேங்கல் தீவுக்குப் போனார். உணவு தீர்ந்தது. 1923 ஜனவரியில் மூவர் உதவி தேடிப் பனியில் நடந்துபோனார்கள், திரும்பவில்லை. நான்காமவர் லோர்ன் நைட் ஸ்கர்வியால் படுத்த படுக்கையாகி ஜூனில் இறந்தார். அதுவரை அவரைப் பார்த்துக்கொண்டது அடாதான். பொறி வைத்து நரி பிடிக்கவும் துப்பாக்கி சுடவும் தானே கற்றுக்கொண்டார். துணைக்கு ஒரு பூனை. ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வந்தபோது அந்தத் தீவில் உயிரோடு இருந்தவர் அவர் மட்டுமே.

அவரும் நாட்குறிப்பு எழுதினார். பொறியில் நரி சிக்கியதா, என்ன தைத்தார் என்று நாளுக்குச் சில வரிகள். எழுத்துப் பிழைகள் உண்டு, திருத்தாமல் அப்படியே படிக்க வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் என் வகுப்பின் முதல் வாரப் பாடம் அந்தப் பக்கங்கள்தான். ஸ்காட் நான்காவது வாரம் வருவார்.