41 வயதில் கராத்தே சேர்ந்தால் பிளாக் பெல்ட் வரை போக முடியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இப்போது கராத்தே சேர்ந்தால் பிளாக் பெல்ட் வரை போக முடியுமா? எத்தனை வருடம் ஆகும்? சின்னப் பசங்களோடு நின்று பழகக் கூச்சமாக இருக்கிறது.

முடியும். வாரம் மூன்று நாள் விடாமல் போனால் நான்கிலிருந்து ஆறு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருடத்தில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தெருப்பக்கமே போகாதீர்கள். மற்றபடி, அந்த வருடங்களில் உடம்பு என்ன பாடுபடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓட மாட்டீர்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். புளியரை வழியாகக் கேரளா போகும் லோடுகளுக்கு ராத்திரி பில் போடும் வேலை. நாற்பதை நெருங்கும்போதுதான் கராத்தேயில் சேர்ந்தேன். ஷோட்டோகான் பிரிவு. இப்போது பிரவுன் பெல்ட். பிளாக் இன்னும் வாங்கவில்லை. ஆகவே மலை உச்சியில் நின்று யாரும் உங்களுக்கு உபதேசம் செய்யவில்லை, பாதி வழியில் மூச்சு வாங்குகிறவன்தான் சொல்கிறேன்.

கூச்சத்தை முதலில் முடித்துவிடலாம். கராத்தே பிறந்த, ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில் 1900-களின் தொடக்கத்தில் அதைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தவர் அன்கோ இட்டோசு. இன்று நமக்கு முதலில் சொல்லித்தருகிற ஐந்து ஹெயான் கட்டாக்களும் (கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்கிற அசைவுகளின் கோவை) அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவைதான். அப்புறம் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க என்ன வெட்கம்? 1922-இல் டோக்கியோவில் முதன்முதலாகக் கராத்தேயைச் செய்துகாட்டி ஜப்பான் பெருநிலத்தில் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷிக்கு அப்போது வயது 53. அவர் சிறுவயதிலிருந்தே பழகியவர், நம்மோடு ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐம்பதுக்கு மேல் ஊர்விட்டு ஊர் போய் அறை எடுத்துத் தங்கி வகுப்பு நடத்திய மனுஷனை நினைத்தால் நம் 41 ஒரு வயதே இல்லை.

"களரியும் அடிமுறையும் நம்ம பக்கம் இருக்கும்போது ஜப்பான்காரன் சண்டை எதுக்குவே?" என்று கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல ஆசான் பக்கத்தில் கிடைத்தால் அதையே படியுங்கள். எனக்கு ராத்திரி வேலைக்கு முன்னால், நடந்துபோகிற தூரத்தில் கிடைத்தது கராத்தே. உடனே அடுத்த ஆள் "எல்லாமே நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் கொண்டுபோனதுதான்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீனாவின் ஷாவோலின் மடத்துச் சண்டைக்கலையை போதிதர்மரோடு சேர்க்கிற கதைக்கு ஆதாரமாகக் காட்டுவது 1624-ஆம் வருடத்து நூல் ஒன்றை. அதன் முன்னுரைகளே போலி என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஒகினாவாக்காரர்கள் தங்கள் ஊர்க் கைச்சண்டையோடு தென்சீனாவின் ஃபூஜியன் பக்கத்துச் சண்டைமுறைகளைச் சேர்த்து வளர்த்தது கராத்தே. இதைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுக்கிற ஆள்கூட முகம் சுளிப்பார், பரவாயில்லை.

எங்கள் கிளாஸ் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடக்கிறது. முகூர்த்த நாளில் கிளாஸ் கிடையாது. ஆடி பிறந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், மாசம் முழுக்க ஹால் காலி. ஆனால் அப்போதுதான் குற்றாலத்தில் சீசன். சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து டைல்ஸ் முழுக்க ஈரம் பூத்துவிடும். சாக்கை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். மாஸ்டர் கேரளப் பக்கத்து ஆரியங்காவுக்காரர், என்னைவிட நன்றாகவே சின்னவர். ஹாலுக்குள் நான் அவருக்கு "மாஸ்டர்" என்று குனிந்து வணக்கம் வைப்பேன். வெளியே வந்தால் அவர் என்னை "அண்ணாச்சி" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. நீங்களும் வாத்தியார் வயதைப் பார்க்காதீர்கள், அவர் உங்கள் காலைப் பார்க்கிறாரா என்று பாருங்கள்.

காலை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சென்குட்சு தாச்சி என்று ஒரு நிலை. முன்முட்டு மடங்கி, பின்கால் நீண்டு, இரண்டு பாதத்துக்கும் தோள் அகலம் இடைவெளி விட்டு நிற்கவேண்டும். படத்தில் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். குத்துவிடும்போது பின்னங்குதிகால் தரையைவிட்டுக் கிளம்பக்கூடாது என்பதுதான் அதில் உள்ள விஷயம். குதிகால் கிளம்பினால் குத்துக்குத் தரையிலிருந்து வரவேண்டிய பலம் அங்கேயே ஒழுகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்த நமக்கு இடுப்பின் முன்பக்கத் தசையும் கெண்டைக்காலும் இறுகிக் கிடக்கும். எவ்வளவு சொன்னாலும் குதிகால் தானாகத் தூக்கும். எங்கள் மாஸ்டர் ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து என் பின்னங்குதிகாலுக்கு அடியில் வைத்து, "குத்துங்க" என்பார். நான் குத்துகிற நேரத்தில் குனிந்து டிக்கெட்டை இழுப்பார். சுலபமாகக் கையோடு வந்துவிடும். மறுபடி வைப்பார். மறுபடி வரும். ஒரு நாள் அவரே என் முன்காலைக் கையால் பிடித்து அரை அடி பின்னால் நகர்த்தி, பின்பாதத்தின் விரல்களை இன்னும் முன்பக்கம் திருப்பி வைத்தார். "சேட்டா, சினிமாக்காரன் மாதிரி நீளமா நிக்கண்டாம், முட்டு தாங்குற அளவுக்கு நின்னா போதும்" என்றார் பாதி மலையாளத்தில். அன்றைக்கு டிக்கெட் கிழிந்ததே தவிர வரவில்லை.

பெரியவர்களின் கஷ்டம் முழுவதும் இதில் இருக்கிறது. மூளைக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஏன் இடுப்பைத் திருப்பவேண்டும், ஏன் இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கவேண்டும் என்று நாமே அடுத்தவனுக்கு விளக்கம் கொடுக்கும் அளவுக்குத் தெளிவாகிவிடும். உடம்பு மட்டும் பல மாதம் கழித்துத்தான் வந்து சேரும். பிள்ளைகளுக்கு நேர் எதிர்: ஒன்றும் புரியாமலே சரியாகச் செய்வார்கள். புரிந்தும் வரவில்லையே என்கிற எரிச்சலில்தான் பெரியவர்கள் ஆரஞ்சு, பச்சை பெல்ட்டோடு நின்றுவிடுகிறார்கள். முட்டுவலி, ஆபீஸ் வேலை என்று வெளியே காரணம் சொல்வார்கள், அது வேறு.

கட்டாவிலும் இதே கதைதான். ஹெயான் ஷோடான் என்பது முதல் கட்டா, 21 அசைவு. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி முன்னே போய்க் குத்து, அடுத்து நேர் பின்பக்கம் திரும்பவேண்டும். முன்னால் இருக்கிற வலதுகாலைப் பின்னால் கொண்டுபோகும்போது தோள் அகலத்துக்கு விலக்கி வைக்காவிட்டால் திரும்பி முடித்ததும் கயிற்றின்மேல் நிற்கிற மாதிரி ஆடுவீர்கள். அப்புறம் மூன்று மேல்தடுப்பு. மூன்றாவதில் அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும். புதிதாக வருகிற பெரியவர்கள் பாதிப்பேர் கத்துவதற்குக் கூச்சப்படுவார்கள், மீதிப்பேர் கத்திய சந்தோஷத்தில் அடுத்த முக்கால் சுற்றுத் திருப்பத்தை மறந்துவிடுவார்கள். வீட்டில் பழகும்போது வேகமே வேண்டாம். மிக மெதுவாக, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாதத்தைப் பார்த்துச் செய்யுங்கள். போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் மாஸ்டர் சொல்வதை அப்போதுதான் நம்புவீர்கள்.

ஜோடிப் பயிற்சியில் எதிரே பதின்மூன்று வயதுப் பையன் நிற்பான். குத்தை அவன் உடம்புக்கு முன்னால் நிறுத்தத் தெரியவேண்டும். எண்பது கிலோ ஆள் நிறுத்தத் தெரியாமல் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த நிறுத்துகிற பயிற்சி பெரியவர்களுக்கு நல்லது. தோளில் முறுக்கு இருந்தால் கை நிற்காது, ஆகவே தானாகத் தோளைத் தளர்த்தக் கற்றுக்கொள்வீர்கள். அந்தப் பையன் உங்களிடம் நிறுத்துவான் என்று மட்டும் நம்பாதீர்கள். பல் கவசம் வாங்கிவிடுங்கள்.

இனி ஆபத்தான சமாச்சாரம். வட்ட உதை, அதாவது மவாஷி கெரி போடும்போது ஊன்றிய காலின் பாதம் திரும்பியே ஆகவேண்டும். வியர்வையில் பாதம் டைல்ஸில் ஒட்டிக்கொண்டு, மேல் உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முட்டுக்குப் போகும். பெரியவர்கள் முட்டைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். உயரமாக உதைக்கவேண்டும் என்கிற ஆசையைத் தள்ளிவைத்து, இடுப்பு உயரத்தில் பாதத்தைத் திருப்பிப் பழகுங்கள். குத்தும்போது மூச்சை அடக்காதீர்கள், வெளியே விடுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் பையில் இனிப்பு ஏதாவது வைத்திருங்கள். வெறுங்காலில்தான் பயிற்சி. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் காயம் பட்டதே தெரியாது. கிளாஸ் முடிந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் உடம்பைச் சூடாக்குவதற்குக் கைகால் வீசுகிற அசைவுகள் போதும், நீட்டிப் பிடித்து வைக்கிற ஸ்ட்ரெச்சிங் எல்லாம் முடிவில். அடுத்தடுத்த நாள் கிளாஸ் போகாமல் நடுவில் ஒரு நாள் விடுங்கள். இருபது வயதுக்காரன் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவான், நமக்கு இரண்டு ராத்திரி வேண்டும்.

பெல்ட் பற்றி. பெல்ட்டும் டான் (பிளாக் பெல்ட்டில் உள்ள படிகள்) கணக்கும் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவிடமிருந்து கராத்தே எடுத்துக்கொண்டவை. ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலில் டான் கொடுத்ததே 1924-இல்தான். இத்தனை வண்ணங்கள் ஜூடோ ஐரோப்பாவுக்குப் போனபிறகு பெருகியவை. ஆக, பெல்ட் இல்லாமலும் ஆட்கள் நன்றாகவே பழகியிருக்கிறார்கள். நம் பக்கம் இன்று மூன்று மாதத்துக்கு ஒரு கலர், டெஸ்ட் ஃபீஸ், சர்டிஃபிகேட் ஃபீஸ், போட்டோ ஃபீஸ் என்று ஓடுகிற இடங்கள் நிறைய. எனக்குத் தெரிந்தவர் பையன் ஒருவன் பக்கத்து ஊரில் இப்படி ஒரு கிளாஸில் பிளாக் பெல்ட் வாங்கிவந்தான். எங்கள் ஹாலில் நின்று முதல் கட்டாவை முடிக்கத் தெரியவில்லை. பையன்மேல் எந்தத் தப்பும் இல்லை. சேர்வதற்கு முன் மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன டெஸ்ட்ல யாராச்சும் ஃபெயில் ஆனாங்களா?" சிரித்து மழுப்பினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். எங்கள் டெஸ்ட் புனலூரில் நடக்கும். காலையில் கொல்லம் ரயிலில் ஏறி, பதிமூணு கண் பாலத்தைத் தாண்டிப் போகும்வரை பிள்ளைகள் ஜன்னலோரம் கத்திக்கொண்டே வருவார்கள், பெரியவர்கள் வாய்க்குள் கட்டாவை ஓட்டிக்கொண்டு வருவோம். திரும்பி வரும்போது எப்போதும் ஓரிருவர் பழைய பெல்ட்டோடுதான் வருவார்கள். அதில் நானும் இருந்திருக்கிறேன். அடுத்த கிளாஸுக்கு எல்லோரும் வந்தார்கள், அதனால்தான் இந்த இடத்தை நம்புகிறேன்.

பிரவுன் பெல்ட்டுக்கு அப்புறம் காலம் இழுக்கும். புதிதாகச் சொல்லித்தருவது குறைந்து, தெரிந்ததையே திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்வார்கள். எனக்கு இப்போது அதுதான் நடக்கிறது. போன மழைக்காலம் முழுக்க டெக்கி ஷோடான் என்று ஒரே கட்டா. குதிரைமேல் உட்கார்கிற மாதிரி கால் அகட்டிய நிலையில் பக்கவாட்டிலேயே நகரவேண்டும், தொடை எரியும். சலிப்பாக இல்லையா என்றால், சில நாள் இருக்கிறது. ஹாலுக்குள் போய் நின்றால் சரியாகிவிடுகிறது.

ஆரம்பிக்கிறதாக இருந்தால் முதல் மாதம் டிரஸ் வாங்காதீர்கள். ட்ராக் பேண்டும் பனியனும் போதும், பிடித்திருந்தால் பிறகு வாங்கலாம். மோதிரம், அரைஞாணில் கோத்த தாயத்து, கையில் கட்டிய கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள், முன்வரிசைப் பையன்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.